ஒரு சாண் தூக்கி நிறுத்து

எங்கள் தொழிற்சாலை டிரெய்னிங் ஹாலில் இருந்த மூன்றாவது ஃபேன் என் தலையில் விழப்போகிறது என்று நான் மனதார நம்பினேன். நீங்களாகக் கண்டுபிடித்துச் சிரிப்பதைவிட நானே சொல்லிவிடுவது கௌரவம் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வேறு யாராவது இப்படி நம்பினால் பயந்தாங்கொள்ளி என்று விட்டுவிடலாம். நான் ரிக்கர். இரும்பைக் கட்டி, கிரேனில் மாட்டி, தூக்கவைத்து, இறக்கவைப்பது என் பிழைப்பு. எது தொங்கும், எது விழும் என்று சொல்லித்தான் இத்தனை வருஷம் சம்பளம் வாங்கினேன். அதனால் என் பயத்துக்கு ஒரு தொழில்முறை அந்தஸ்து இருந்தது. மத்தியான சாப்பாட்டு நேரத்தில் ஏணி வைத்து ஏறினேன். கொக்கியைத் திருகிப் பார்த்தேன், சுத்தியலால் தட்டிச் சத்தம் கேட்டேன், கடைசியில் ஃபேன் கம்பியை இரண்டு கையாலும் பிடித்து என் முழுக் கனத்தையும் போட்டுப் பார்த்தேன். அசையவில்லை. அந்தக் கொக்கி என்னோடு என் மச்சான்கள் நால்வரையும் சேர்த்துத் தாங்கும். திருப்தியாக இறங்கினேன். மறுநாள் காலை அதே ஃபேனுக்கு அடியில் அதே வியர்வை.

இதை இப்போது எழுதக் காரணம் ஜெயந்தி. எங்கள் பிரிவில் கிரேன் ஓட்டுகிற பெண். போன வாரம் நான் ஸ்ரீரங்கத்து வீட்டில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது போன் செய்தாள். விருப்ப ஓய்வு வாங்கியவனுக்கு வீட்டில் முதலில் கிடைக்கிற பதவி அதுதான்.

“அண்ணே, அந்த ஃபேன் கதையை எழுதிக் குடுங்கண்ணே.”

“எதுக்கும்மா? ரிட்டயர் ஆனதுக்கப்புறம் கொஞ்சம் மானம் மிச்சமிருக்கு.”

“இங்க ஒருத்தரு காலையில எக்சர்சைஸ் லைன்ல நின்னுக்கிட்டே இருக்காரு, நடுவுல திடுதிப்புன்னு வெளிய போயிடறாரு. எல்லாரும் கிண்டல் பண்றாங்க. உங்களுக்கும் இப்படித்தான் இருந்துச்சுன்னு சொன்னேன். நம்ப மாட்டேங்கிறாரு. ‘வரது அண்ணனா? அவரு எப்பவும் சிரிச்சுக்கிட்டில்ல இருப்பாரு’ங்கிறாரு.”

சிரித்துக்கொண்டே இருந்ததுதான் வியாதியே என்று அந்த மனிதருக்கு யார் சொல்வது? அதனால் எழுதுகிறேன். பெயர் தெரியாத தம்பி, இது உங்களுக்கு.

*

ஐ.டி.ஐ. முடித்து ஹெல்பராகச் சேர்ந்தேன். முதல் சில வருஷம் கம்பிக்கயிறு சுமந்தேன், அடுத்த சில வருஷம் திட்டு சுமந்தேன். அப்புறம் கையில் பச்சைப் பட்டையும் கழுத்தில் விசிலும் கொடுத்து, சிக்னல் காட்டுகிறவனாக நிறுத்தினார்கள். என் பயிற்சிக் காலத்தில் சொல்லத்தக்கது இவ்வளவுதான்.

சிக்னல்காரனின் வேலை தெரியாதவர்களுக்காக: பட்டறையின் கூரைக்குக் கீழே, இரண்டு சுவரோரமும் போட்ட தண்டவாளத்தின்மேல் கிரேன் ஓடும். அதன் கூண்டில் ஆபரேட்டர் உட்கார்ந்திருப்பார். கீழே இருக்கிற சத்தத்தில் அவருக்கு ஒன்றும் கேட்காது. லோடுக்கு அந்தப் பக்கம் யார் நிற்கிறார்கள் என்றும் தெரியாது. கீழே நிற்கிறவனின் கைதான் அவருக்குக் கண். வலது கையை உயர்த்தி ஆள்காட்டி விரலை மேல்நோக்கிச் சுற்றினால், தூக்கு. கையைத் தாழ்த்திச் சுற்றினால், இறக்கு. இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கி உள்ளங்கையை விரித்தால், இருக்கிற இடத்தில் அப்படியே நில். அது ஆபத்து நிறுத்தம்.

எங்களுக்கு இரண்டு சட்டம் உண்டு. எந்த லோடானாலும் முதலில் ஒரு சாண் தூக்கி நிறுத்த வேண்டும். நிறுத்திவிட்டுச் சுற்றி வந்து பார்க்க வேண்டும்: சமமாக நிற்கிறதா, கயிறு நழுவுகிறதா, பிரேக் பிடிக்கிறதா. சரியாக இருந்தால் மேலே. இல்லையென்றால் கீழே வைத்து மறுபடி கட்டு. இதில் வெட்கம் கிடையாது. இரண்டாவது சட்டம்: ‘தூக்கு’ என்று சொல்ல ஒருவனுக்குத்தான் உரிமை. ‘நில்’ என்று சொல்ல எல்லோருக்கும் உரிமை. டீ கொண்டுவருகிறவர் கையைத் தூக்கினால்கூட ஆபரேட்டர் நிறுத்தியாக வேண்டும். ஏன் என்று அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.

எங்கள் ஆபரேட்டர் காதர் பாய். பாலக்கரைக்காரர். மேலே ஏறினால் ஷிப்ட் முடியும்வரை இறங்க மாட்டார். “கீழ இறங்கினா உங்க மூஞ்சியெல்லாம் கிட்டக்கப் பார்க்கணும், அதுக்கு மேலயே நல்லாருக்கு” என்பார்.

ஃபோர்மேன் பெர்க்மான்ஸ் சார். உயரமாக, நரைத்த மீசையோடு, சட்டைப்பையில் ஒரு டார்ச்சோடு இருப்பார். அவர் கத்தி நான் கேட்டதில்லை. ஹெல்பரையும் ‘ங்க’ போட்டுத்தான் பேசுவார். அந்த ‘ங்க’வைக் கேட்டாலே கட்டின கயிற்றை இன்னொரு தரம் சரிபார்ப்போம். அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. நாம் எதையாவது பார்த்து முழித்துக்கொண்டு நின்றால், என்ன ஏது என்று கேட்க மாட்டார். பக்கத்தில் வந்து, தோளோடு தோளாக நின்று, நாம் பார்க்கிற இடத்தையே தானும் பார்ப்பார். ரொம்ப நேரம் பார்ப்பார். அதற்கப்புறம்தான் வாய் திறப்பார். மற்ற ஃபோர்மேன்கள் நம் முகத்தைப் பார்த்துத் திட்டுவார்கள். இவர் நம் பிரச்சினையைப் பார்த்துவிட்டுத் திட்டுவார். அந்த வித்தியாசத்துக்காகவே நான் வேறு பிரிவுக்குப் போகாமல் இருந்தேன்.

*

இதெல்லாம் தொடங்கிய அன்றைக்குத் தூக்கியது ஒரு ஹெட்டர். தடித்த குழாய், ஒரு லாரி நீளம். அதன் முதுகில் இரண்டு கோடியிலும் தூக்குவதற்காகப் பற்றவைத்த இரும்புக் காதுகள். அவற்றை லக் என்போம். ஒரு சாண் தூக்கி நிறுத்தினோம். பார்த்தேன். சமமாகத்தான் இருந்தது. மேலே தூக்கி, பட்டறையின் நீளத்தில் நகர்த்த ஆரம்பித்தார் காதர் பாய். நான் பக்கவாட்டில் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தேன். போகிற வழியில் வெல்டர் செல்லதுரை, முகமூடியைப் போட்டுக்கொண்டு குனிந்து வெல்டு வைத்துக்கொண்டிருந்தான். ஒதுங்கச் சொல்லி ஏற்கெனவே சொல்லியிருந்தது. ஒதுங்கியவன், எடுக்க மறந்த ஏதோ ஒன்றுக்காகத் திரும்ப வந்து உட்கார்ந்துவிட்டான். விசில் அடித்தேன். அவனுக்குக் கேட்கவில்லை.

இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கினேன். கிரேன் நின்றது. ஹெட்டர் ஒரு ஆட்டம் ஆடியது. ‘டிக்’ என்று ஒரு சத்தம். வலது கோடி லக் பிய்த்துக்கொண்டு, அந்தக் கோடி தரையில் வந்து மோதியது. செல்லதுரைக்கும் அதற்கும் நடுவில் ஒரு சைக்கிளை நிறுத்தலாம், அவ்வளவு இடம்.

யாருக்கும் ஒரு கீறல் இல்லை. எனக்கும் இல்லை. விசாரணை வந்தது. லக்கின் வெல்டிங்குக்குள் வெளியே தெரியாத பழைய விரிசல் என்றார்கள். எல்லோரும் என் முதுகைத் தட்டினார்கள். நான் அன்று சாயங்காலமே நகைச்சுவை நிகழ்ச்சியை ஆரம்பித்துவிட்டேன். “லோடுக்கு என்ன ஆச்சுங்கறீங்க? என் மூஞ்சியைக் குனிஞ்சு பார்த்துச்சு, மயக்கம் போட்டு விழுந்துடுச்சு.” கம்பெனி பஸ்ஸில் காவிரிப் பாலம் தாண்டும்வரை சிரிப்பு.

செல்லதுரை மட்டும் சிரிக்கவில்லை. அடுத்த நாளிலிருந்து அவன் சாப்பாட்டு டப்பாவில் இருக்கிற மீனில் பாதியை எடுத்து என் தட்டில் வைக்க ஆரம்பித்தான். வைப்பான், அவ்வளவுதான். என்னால் அதைத் தின்ன முடியவில்லை. தட்டின் ஓரமாக ஒதுக்கிவிடுவேன்.

ஏன் என்று அப்போது யாரிடமும் சொல்லவில்லை. ஓடுகிற கிரேனைச் சட்டென்று நிறுத்தினால் லோடு ஆடும். ஆடினால் லக்கில் இழுப்பு கூடும். விரிசல் பழையதாக இருக்கட்டும், அதைக் கடைசியாகப் பிய்த்தது யார்? நான் கொடுத்த நிறுத்தம். கை மேலே போனது, இரும்பு கீழே வந்தது. இதுதான் என் கணக்கு. சாப்பாட்டில் மீன் வைக்கிறவனிடம் இதை எப்படிச் சொல்வது?

*

அந்தக் கிரேனைச் சோதனைக்காக நிறுத்திவைத்திருந்த நாட்களில்தான் புது உத்தரவு வந்தது: வேலை தொடங்குமுன் எல்லோரும் டிரெய்னிங் ஹாலில் கொஞ்ச நேரம் உடற்பயிற்சி செய்ய வேண்டும். சொல்லிக்கொடுக்க வந்தவர் ரேவதி மேடம். உறையூரிலிருந்து ஸ்கூட்டியில் வருகிற பிசியோதெரபிஸ்ட். முதல் பயிற்சி கழுத்து. இரண்டாவது தோள். மூன்றாவது, மூச்சை இழுத்துக்கொண்டே இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கி, விரல்நுனியை அண்ணாந்து பார்க்க வேண்டும்.

தூக்கினேன். அண்ணாந்தேன். அந்த மூன்றாவது ஃபேன் தெரிந்தது.

அப்புறம் நடந்ததை வரிசையாகச் சொல்ல முடியாது. காதில் ‘ஙொய்’ என்றது. உள்ளங்கை ஜில்லிட்டது. மார்புக்குள் யாரோ சம்மட்டி வைத்து வேலை பார்த்தார்கள். செத்துப்போகப் போகிறேன், அதுவும் பேண்ட்டுக்குள் சட்டையைச் செருகிக்கொண்டு உடற்பயிற்சி செய்யும்போது சாகப்போகிறேன் என்ற அவமானம் வேறு. வெளியே வந்து கக்கூசுக்குள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். வெளியே வந்தபோது கேட்டவர்களிடம் “கேஸ்” என்றேன். நம் ஊரில் அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் எதை வேண்டுமானாலும் ஒளித்துவைக்கலாம்.

மறுநாளும் கேஸ். அதற்கு மறுநாளும் கேஸ். டாக்டர் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்து இதயம் இளைஞனுடையது என்றார். எனக்கு ஏமாற்றமாக இருந்தது. இதயம் இல்லையென்றால் ஃபேன்தான். ஏணி வைத்து ஏறிய கதை உங்களுக்குத் தெரியும்.

ஃபேனும் நல்லது, இதயமும் நல்லது என்றான பிறகு லைனில் நடிக்க ஆரம்பித்தேன். மற்றவர்கள் கை தூக்கும்போது நான் ஷூ லேஸ் கட்டுவேன். என் ஷூவுக்கு லேஸே கிடையாது. இதை முதலில் கவனித்தவர் பெர்க்மான்ஸ் சார்.

அவர் வந்து பக்கத்தில் நின்றார். நான் ஷூவைப் பார்த்தேன். அவரும் என் ஷூவைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

“வரதராஜன், கையைத் தூக்குங்க.”

“சார், தோள் பிடிப்பு சார்.”

“சும்மா தூக்குங்க, பார்ப்போம்.”

மார்புவரை போனது. அதற்குமேல் போகவில்லை. முகத்தில் தண்ணீர் தெளித்த மாதிரி வியர்த்தது. அவர் சத்தமில்லாமல் என் கையிலிருந்த பச்சைப் பட்டையை அவிழ்த்துத் தன் சட்டைப்பையில் டார்ச்சுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

“கோவிச்சுக்காதீங்க. கை மேல போகாத ஆளை நான் லோடு முன்னாடி நிறுத்த மாட்டேன். உங்களுக்காக இல்லைங்க. அடியில நிக்கிறவனுக்காக.”

என்னை ஸ்டோருக்கு அனுப்பினார். கையுறையும் கண்ணாடியும் எடுத்துக் கொடுக்கிற வேலை. சம்பளம் குறையவில்லை. ஆனால் பட்டறையில் இத்தனை வருஷம் எல்லோரும் என் கையைப் பார்த்து வேலை செய்தார்கள். இப்போது அவர்களே என்னிடம் கை நீட்டி, “அண்ணே, பெரிய சைஸ் கிளவுஸ் இருக்கா?” என்று கேட்டார்கள். பட்டை திரும்பி வராவிட்டால் என் தொழில் அங்கேயே முடிந்தது. அதற்கும் நான் ஒரு ஜோக் வைத்திருந்தேன். வீட்டில் மல்லிகா மட்டும் சிரிக்கவில்லை. “ஏங்க, நீங்க சிரிக்கும்போது கண்ணு எங்கயோ இருக்கு” என்றாள். மனைவிகள் இப்படித்தான், நல்ல நிகழ்ச்சியைக் கெடுப்பார்கள்.

*

ஒரு நாள் பயிற்சி முடிந்ததும் ரேவதி மேடம் ஸ்டோருக்கு வந்தார். கூடவே பெர்க்மான்ஸ் சார். கையுறைக்காக வந்த மாதிரி இருவரும் நின்றார்கள்.

“சார், எந்த எக்சர்சைஸ்ல வருது? கழுத்து, தோள் எல்லாம் நல்லா பண்றீங்களே” என்றார் மேடம்.

“மூணாவதுல மேடம். ஃபேன்ல ஒரு சந்தேகம்.”

“ஃபேன் இல்லாத இடத்துல?”

வீட்டு மொட்டைமாடியில் முயன்று பார்த்திருந்தேன். மேலே ஆகாசம் மட்டும்தான். ஆகாசமும் விழுகிற மாதிரிதான் இருந்தது. அதைச் சொன்னேன். சொல்லும்போது சிரிக்கத் தயாராக இருந்தேன், அவர்கள் சிரிக்கவில்லை. சிரிக்க ஆள் இல்லாமல் போனதும் மற்றதும் வந்துவிட்டது. கை மேலே போனது, இரும்பு கீழே வந்தது, செல்லதுரையின் மீன், எல்லாம்.

மேடம் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அப்புறம் சொன்னார்: “பயப்படாதீங்கன்னு நான் சொல்லப்போறதில்லைங்க. அன்னிக்கு அந்த நிலையில கை இருந்தப்போ உங்க உயிர் நடுங்கிடுச்சு. இப்ப கை அங்க போனாலே உடம்பு அந்த நாளுக்குப் போயிடுது. நீங்க பண்றது நடிப்பில்ல, கோழைத்தனமும் இல்ல. கொஞ்சம் கொஞ்சமாத்தான் பழக்கணும். எவ்வளவுன்னு நீங்கதான் சொல்லணும்.”

பெர்க்மான்ஸ் சார் அலமாரியில் இருந்த ஹெல்மெட்டுகளைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: “லோடு எடுக்கறப்போ முதல்ல என்னங்க பண்ணுவீங்க?”

“ஒரு சாண் தூக்கி நிறுத்துவேன் சார்.”

“நிறுத்தி?”

“பார்ப்பேன் சார்.”

“சரியில்லேன்னா?”

“கீழ வெச்சு மறுபடி கட்டுவேன்.”

“அதுல வெட்கம் உண்டா?”

“இல்ல சார்.”

“அப்ப கைக்கும் அதையே பண்ணுங்க” என்று சொல்லிவிட்டு, வாங்க வந்த கையுறையை வாங்கிக்கொள்ளாமலே போய்விட்டார்.

மேடத்துக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. அன்றிலிருந்து ஹாலில் எல்லோரும் போனபிறகு எனக்குத் தனி வேலை. சுவரில் முதுகைச் சாய்த்து நிற்க வேண்டும். உள்ளங்கால் முழுதும் தரையில் படுகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். கண்ணை மூடக்கூடாது. இரண்டு கையையும் இடுப்பிலிருந்து ஒரு சாண் தூக்கி, நிறுத்த வேண்டும். நிறுத்திவிட்டுச் சுற்றிப் பார்த்து, தெரிவதை வாயால் சொல்ல வேண்டும். “நாற்காலி. கரும்பலகை. குடை. மேடம் டிபன் டப்பா.” மூச்சு எப்படி, நெஞ்சு எப்படி, கால் எங்கே இருக்கிறது? சரியென்றால் இன்னொரு சாண். இல்லையென்றால் கீழே வைத்து மறுபடி. “நீங்க எப்ப வேணா ஸ்டாப் சொல்லலாம். ஏன்னு நான் கேட்க மாட்டேன்” என்றார். எங்கள் இரண்டாவது சட்டத்தை யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை.

தம்பி, இது சினிமா இல்லை. தோள் உயரம் போன கை மறுநாள் இடுப்போடு நின்றது. யாரோ வெளியே இரும்புத் தகட்டைக் கீழே போட்ட நாளில் நான் மேஜைக்கு அடியில் இருந்தேன். எப்படிப் போனேன் என்று எனக்கே தெரியாது. மேடமும் தரையில் உட்கார்ந்தார். “அங்க இருந்து என்னங்க தெரியுது?” “உங்க செருப்பு மேடம். வலது வாரு தைக்கணும்.” இருவரும் சிரித்தோம். அன்றைய பாடம் அதோடு முடிந்தது.

கை காதுவரை வந்தது. ஆனால் அண்ணாந்து பார்க்க மட்டும் முடியவில்லை. கையைத் தூக்கினால் தலை குனியும், தலையைத் தூக்கினால் கை இறங்கும்.

*

“ராஜகோபுரத்துக்கு முன்னாடி நின்னு பாருங்க. இத்தனை காலமா நிக்குது, நீங்க கையைத் தூக்கினதும் விழுந்துடாது” என்றாள் மல்லிகா. ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னை அழைத்துப் போனாள். நடுத்தெருவில் நின்று, சாண் சாணாகக் கையைத் தூக்கினேன். கோபுரத்துக்கு முன்னால் கைகூப்புகிற ஆளுக்கு ஸ்ரீரங்கத்தில் யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள் என்பது ஒரு வசதி. “பூக்கடை. ஆட்டோ. மல்லிகா. மல்லிகா முறைக்கிறா.” தலைக்குமேல் போயாயிற்று. மெல்ல அண்ணாந்தேன்.

கோபுரத்துக்குப் பின்னால் மேகம் ஓடிக்கொண்டிருந்தது. மேகம் நம் தலைக்குமேலிருந்து கோபுரத்தைத் தாண்டி ஓடும்போது அண்ணாந்து பார்த்தால், மேகம் நிற்கிற மாதிரியும் கோபுரம் நம்மேல் சாய்கிற மாதிரியும் இருக்கும். நீங்களும் பார்த்திருப்பீர்கள். எனக்கு அந்த நேரத்தில்தானா தெரிய வேண்டும்? பதின்மூன்று நிலை உயரத்துக்கு இரும்பும் இல்லை, கல்லும் காரையுமாக அவ்வளவும் என்மேல் வந்துகொண்டிருந்தது. கத்த வாய் வரவில்லை. கையை இறக்கவும் முடியவில்லை. இரண்டு கையும் மேலே நிற்க, உடம்பு முழுக்க ஆட ஆரம்பித்தது.

அந்த வழியாகச் சமயபுரத்துக்கு நடந்துபோகிற பெண்கள் கூட்டம் ஒன்று மஞ்சள் சேலையோடு மோர்ப் பந்தலில் நின்றிருந்தது. அதில் ஒரு அம்மா என்னைப் பார்த்தார்.

“அடியே, ஆத்தா வந்துட்டாடி! வேப்பிலையைக் கொண்டாங்க!”

நான் என்னவென்று உணர்வதற்குள் கழுத்தில் வேப்பிலை, நெற்றியில் திருநீறு, காலில் ஒரு குடம் மஞ்சள் தண்ணீர். குலவைச் சத்தம் காதைப் பிளந்தது. பெருமாள் கோயில் வாசலில் மாரியம்மன் வந்து இறங்கியதைப் பற்றி யாருக்கும் ஆட்சேபணை இல்லை.

“தாயே, எம்மவனுக்குப் பொண்ணே அமைய மாட்டேங்குதே. எப்பத்தா கல்யாணம்?”

கை தலைக்குமேல். முகம் ஆகாசத்தைப் பார்த்து. வாய் என்னைக் கேட்காமல் சொன்னது: “தை பொறக்கட்டும்.”

பக்கத்தில் மல்லிகா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அடக்குவது ஓரக்கண்ணில் தெரிந்தது. அவளைப் பார்த்ததும் எனக்கும் வந்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொள்ள முடியாமல், கை மேலே இருக்க, அண்ணாந்தபடியே சிரித்தேன். ஆத்தா சிரிக்கிறாள் என்று இன்னொரு குலவை. மேகம் போனது. கோபுரம் இருந்த இடத்திலேயே இருந்தது.

“ஏங்க, பொய் சொல்றதுக்கு ஒரு அளவில்லையா? பாவம் அந்தம்மா” என்றாள் மல்லிகா, வீட்டுக்குத் திரும்பும்போது.

“நான் எங்கடி சொன்னேன்? ஆத்தா சொன்னா.”

அந்தப் பையனுக்குத் தையில் கல்யாணம் ஆகியிருக்க வேண்டும் என்று இன்றைக்கும் வேண்டிக்கொள்கிறேன்.

*

பெர்க்மான்ஸ் சார் பட்டையை உடனே கொடுத்துவிடவில்லை. ஹாலில் அந்த மூன்றாவது ஃபேனுக்கு அடியில் என்னை நிறுத்தி, தானும் பக்கத்தில் நின்றார். இருவரும் கை தூக்கி அண்ணாந்து பார்த்தோம். பிறகு டார்ச்சுக்குப் பக்கத்திலிருந்து எடுத்துக் கட்டினார். இத்தனை நாளும் அதைத் தன் பையிலேயே வைத்திருந்தார் என்பது அப்போதுதான் தெரிந்தது.

சோதனை முடிந்த கிரேன் மறுபடி ஓட ஆரம்பித்திருந்தது. முதல் லோடு சின்னதுதான், ஒரு தகட்டுக் கட்டு. கயிறு மாட்டி, எல்லோரையும் ஒதுக்கி நிறுத்தி, கையை உயர்த்தி விரலைச் சுற்றினேன். கட்டு ஒரு சாண் எழுந்தது. நிறுத்தினேன். சுற்றி வந்து பார்த்தேன். சமம். மறுபடி உயர்த்தினேன். என் தலை உயரம் தாண்டியபோது, அது வந்தது. காதில் ‘ஙொய்’, கையில் ஜில். வராது என்று நான் நினைத்திருந்தேன், அதுதான் பிழை. அது வரும் தம்பி. வரட்டும்.

இரண்டு கையையும் மேலே தூக்கி விரித்தேன். நில்.

கிரேன் நின்றது. பட்டறையே நின்ற மாதிரி இருந்தது. காதர் பாய் ஹாரன் அடிக்கவில்லை, எட்டிப் பார்க்கவில்லை. யாரும் சிரிக்கவில்லை. செல்லதுரை முகமூடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

பெர்க்மான்ஸ் சார் வந்து தோளோடு தோளாக நின்றார். மேலே பார்த்தார்.

“மேல என்னங்க இருக்கு?”

“ஹூக் சார். கயிறு ரெண்டு. லோடு லெவல்ல இருக்கு.”

“கீழ?”

“யாரும் இல்ல சார்.”

“அப்ப அவசரம் ஒண்ணுமில்ல.”

மூச்சு திரும்பும்வரை அவரும் கூடவே அண்ணாந்து நின்றார். கழுத்து வலித்திருக்கும், வயசானவர். பிறகு நான் விரலைச் சுற்றினேன். லோடு போய்ச் சேர வேண்டிய இடத்தில் போய் உட்கார்ந்தது. அதற்கப்புறம் விருப்ப ஓய்வு வாங்குகிறவரை எத்தனையோ லோடு. சில நாள் அது வந்தது, பல நாள் வரவில்லை. வந்த நாளில் நிறுத்தினேன். ஒருவரும் ஏன் என்று கேட்டதில்லை. என் தொழில் எனக்குக் கொடுத்ததிலேயே பெரியது இதுதான். சம்பளம், கிராஜுவிட்டி எல்லாம் இதற்கு அப்புறம்.

அந்த முதல் லோடு எடுத்த அன்று மத்தியானம் அதிசயமாகக் காதர் பாய் ஏணியில் இறங்கி வந்தார். டீ டம்ளரோடு என் பக்கத்தில் உட்கார்ந்தார். இத்தனை நாளும் அவரிடம் கேட்காமல் இருந்ததை, கேட்டால் என்ன பதில் வருமோ என்று பயந்து தள்ளிப்போட்டதை, அன்று கேட்டேன்.

“பாய், ஒண்ணு கேட்கணும். அன்னிக்கு நான் ஸ்டாப் குடுத்தேன்ல. சட்டுன்னு நிறுத்தின ஆட்டத்துலதான லக் பிச்சுக்கிச்சு?”

அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“இத்தனை நாளா இதையா வரது நெஞ்சுக்குள்ள வெச்சிருந்தே? அட அல்லா! மேலேருந்து பார்த்தவன் நான். நீ கை தூக்கறதுக்கு முன்னாடியே வலது கோடி இறங்க ஆரம்பிச்சிருச்சு. லக் கிழிஞ்சுக்கிட்டிருந்துச்சு. முன்னாடி இருந்த ஸ்டாண்டுல கொண்டுபோய் வெச்சுடலாம்னு நான் வேகத்தைக் கூட்டப் போனேன். செல்லதுரை அங்க இருந்தது எனக்குத் தெரியாது, ஹெட்டர் மறைச்சுக்கிட்டிருந்துச்சு. உன் கை ரெண்டும் மேல வந்துச்சு. நிறுத்திட்டேன்.”

அன்று செல்லதுரை வைத்த மீனைத் தின்றேன். வஞ்சிரம்.

நடந்தது இவ்வளவுதான். லக்கில் பழைய விரிசல் இருந்தது. அது தானாகக் கிழிந்தது. நான் கையைத் தூக்கினேன், கிரேன் நின்றது, லோடு விழுந்தது. அடியில் யாரும் இல்லை.